ஆட்டோமேட்டிக் காருக்கு அடியில் சிவப்புச் சொட்டு: கியர்பாக்ஸ் ஆயில்தானா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

போர்டிகோவாசி:
வணக்கம். 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், டார்க் கன்வெர்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வைத்த 4 கியர் ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இப்போது 78,000 கிலோமீட்டர். ஒரு வாரமாகக் காலையில் வண்டியை எடுத்தால் போர்டிகோ டைல்ஸில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பாக ஒரு கறை. கோலத்துக்கு இட்ட காவி என்று நினைத்து முதல் இரண்டு நாள் விட்டுவிட்டேன். தொட்டுப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கிறது. தெருமுனை மெக்கானிக் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆயில் சீல் போயிருக்கும் சார், கியர்பாக்ஸை இறக்கணும், முப்பதாயிரம் வரும்" என்கிறார். ஆனால் காலையில் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நிற்கிறது. அப்புறம் எப்படி லீக்?

கிரீஸ்கை:
சார், எஞ்சினை நிறுத்தி வைத்துப் பார்த்தீர்கள் அல்லவா? அதுதான் ஏமாற்றுகிறது. வண்டி நிற்கும்போது கன்வெர்டரில் இருக்கும் ஆயில் கீழே பேனுக்கு, அதாவது கியர்பாக்ஸ் அடியில் ஆயில் தங்கும் தட்டுக்கு, இறங்கிவிடும், அளவு கூடுதலாகக் காட்டும். பெரும்பாலான வண்டிகளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடானபின், சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி லிவரை எல்லாக் கியருக்கும் ஒரு சுற்று கொண்டுபோய் வந்து, எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். சில வண்டிகளுக்கு முறை வேறு, மேனுவலைப் பாருங்கள். பஞ்சு உதிராத துணியில் ஒரு முறை துடைத்துவிட்டு, மறுபடி விட்டு எடுங்கள். ஃபேன் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது.

ஸ்டியரிங் ஹைட்ராலிக்கா, எலக்ட்ரிக்கா? ஹைட்ராலிக் என்றால் அதன் ஆயிலும் சிவப்பாக இருக்கலாம்.

போர்டிகோவாசி:
எலக்ட்ரிக்.

கிரீஸ்கை:
சரி, ஒரு சந்தேகம் கழிந்தது. இனி எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். அதிலும் சிவப்பு, ரோஸ் எல்லாம் வருகிறது. சொட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். கரைந்தால் கூலன்ட், மிதந்தால் ஆயில்.

நாலுசக்கரம்:
லீக் ஸ்டாப் என்று பாட்டிலில் விற்கிறார்களே, அதை ஊற்றினால் வேலை முடிந்தது. எதற்கு இவ்வளவு?

கிரீஸ்கை:
தம்பி, அது காய்ந்த ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊற வைக்கும், அவ்வளவுதான். லூஸான ஹோஸையோ போல்ட்டையோ அது இறுக்காது. முதலில் எங்கிருந்து வருகிறது என்று தெரியட்டும்.

டிக்கிசாமான்:
என் வண்டிக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்தேன். முன் சக்கரம் இரண்டும் எங்கே நிற்கிறது என்று மார்க்கரில் கோடு போட்டுக்கொண்டேன். காலையில் சொட்டு எந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தால், மேலே எது இருக்கிறது என்று ஊகிக்கலாம். சக்கரத்துக்கு உள்பக்கம் என்றால் டிரைவ் ஷாஃப்ட் சீல், நடுவில் என்றால் பேன் கேஸ்கெட் அல்லது டிரெயின் போல்ட், ரேடியேட்டருக்குக் கீழே என்றால் கூலர் ஹோஸ், அதாவது கியர்பாக்ஸ் ஆயிலை ஆறவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் குழாய்.

அதையும் முழுசாக நம்பாதீர்கள். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், அடியில் உள்ள பிளாஸ்டிக் கவரிலும் வழிந்து எங்கோ சொட்டும். அந்த இடத்தை நன்றாகத் துடைத்து, முகப் பவுடரைத் தூவி, ஒரு ரவுண்டு போய் வாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம். போனில் டார்ச்சைப் போட்டு வீடியோ எடுத்தால் தலையை நுழைக்க வேண்டியதில்லை. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே வேண்டாம்.

போர்டிகோவாசி:
எல்லாம் செய்தாயிற்று. சொட்டு டம்ளரில் மிதந்தது, ஆயில்தான். சூட்டில் பார்த்தால் டிப்ஸ்டிக்கில் ஹாட் என்று போட்ட கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது! காலையில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு நொடி யோசித்துவிட்டுத்தான் வண்டி நகர்கிறது, அதற்கும் இதுதான் காரணமா? அட்டையில் சொட்டு நடுவில் விழுந்திருந்தது, பேன் என்று நினைத்தேன். ஆனால் பவுடர்க் கோடு ரேடியேட்டர் ஓரத்தில், ஹோஸ் மாட்டிய கிளிப்பில் தொடங்குகிறது.

கிரீஸ்கை:
ஆமாம், அளவு குறைந்தால் பிரஷர் ஏறத் தாமதமாகும். கிளிப்பை மாற்றுங்கள், ஹோஸ் முனை விறைத்திருந்தால் அதையும். ஆயில், மேனுவலில் சொன்ன ரகம் மட்டும், 100 மில்லி 100 மில்லியாக ஊற்றிப் பார்த்துக்கொண்டே போங்கள். அதிகமானால் நுரைத்துவிடும், அதுவும் கெடுதல். அப்படியே கூலன்ட் டேங்கையும் திறந்து பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. அதிலோ டிப்ஸ்டிக்கிலோ ரோஸ்மில்க் மாதிரி ஏதாவது தெரிந்தால் ரேடியேட்டருக்குள்ளேயே ஆயிலும் கூலன்ட்டும் கலக்கிறது, வண்டியை நகர்த்தாதீர்கள்.

போர்டிகோவாசி:
ரோஸ்மில்க் இல்லை. ஹோஸும் கிளிப்பும் வேறு ஒரு மெக்கானிக்கிடம் மாற்றினேன், அரை மணி வேலை. 400 மில்லி ஏறியது. மூன்று ராத்திரியாக அட்டை காய்ந்தே இருக்கிறது, ரிவர்ஸும் உடனே விழுகிறது. டைல்ஸ் கறைக்குத்தான் வீட்டில் திட்டு.

டிக்கிசாமான்:
தண்ணீர் ஊற்றாமல் சிமென்ட் தூளைத் தூவி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பெருக்கி எடுத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் போதும். கோலம் போடும் நேரத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.