அப்பாவை டயாலிசிஸ் ஆய்வு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள், சேர்க்கலாமா?

ஈரோட்டு மகள்

வணக்கம். அப்பாவுக்கு 58 வயது. சர்க்கரையால் இரண்டு சிறுநீரகமும் போய், இப்போது திங்களும் வியாழனும் டயாலிசிஸ், முதல்வர் காப்பீட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஓடுகிறது. மூன்றாவது மணி நேரம் வந்தாலே பி.பி. இறங்கிவிடும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், உடனே காலைத் தூக்கி வைத்து சலைன் ஏற்றுவார்கள். வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்கப் படுக்கைதான்.

போன வாரம் ஒரு இளம் டாக்டர் வந்து, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதயத்தில் வரும் சிக்கல்களைப் பற்றி ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்டு ஒரு கட்டுக் காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். புதிய மருந்து எதுவும் கிடையாதாம். எக்கோ எடுப்பார்கள், நெஞ்சில் துடிப்பைப் பதிவு செய்யும் ஒரு பட்டை ஒட்டுவார்கள், அவ்வப்போது ரத்தம் எடுப்பார்கள், ஒரு வருடம் கவனிப்பார்கள். அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். அப்பா "நம்மால் நாலு பேருக்கு உபயோகம் என்றால் இருக்கட்டுமே" என்கிறார். எனக்கு இரண்டு கேள்வி. இந்த மாதிரி ஆய்வுகளால் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு உண்மையிலேயே ஏதாவது நன்மை வந்திருக்கிறதா? அப்புறம், கிட்னி கெட்டுப்போனவருக்கு இதயத்தை ஏன் ஆராய்கிறார்கள்?

மூன்றாம் ஷிப்ட்

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். ஆய்வைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், முதலில் அந்த பி.பி. இறங்கும் விஷயம்.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடம்பில் சேர்ந்த தண்ணீரை நான்கு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து உறிஞ்சுகிறோம். திசுக்களில் இருக்கும் தண்ணீர் ரத்தத்துக்குள் திரும்பி வரும் வேகத்தைவிட நாங்கள் எடுக்கும் வேகம் அதிகமானால் பி.பி. விழும், கால் இழுக்கும். அப்பாவின் டிரை வெயிட், அதாவது கூடுதல் தண்ணீர் இல்லாத எடை, 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரை லிட்டர் ஏற்றிக்கொண்டு வந்தால் மணிக்கு, கிலோவுக்கு 14 மில்லிக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும். 13-ஐத் தாண்டினவர்களில் இறப்பு அதிகம் என்று 2011-ல் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் ஹெமோ என்ற பெரிய ஆய்வுக்காகச் சேர்த்த 1846 பேரின் விவரத்தை மறுபடி அலசிப் பார்த்துச் சொன்னது. அதிலிருந்து பல யூனிட்களில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் மெஷின் செட் பண்ணுகிறோம், அல்லது நேரத்தைக் கூட்டுகிறோம். எங்கள் ஊர்ப் பக்கம் நேரம் கூட்டுவது கஷ்டம், அடுத்த ஷிப்ட் ஆள் வாசலில் உட்கார்ந்திருப்பார், அது வேறு கதை.

தண்ணீரைக் குறை என்று மட்டும் அப்பாவிடம் சொல்லாதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு உள்ளே போனால் தாகம் தானாக வரும், யாராலும் அடக்க முடியாது. சர்க்கரை ஏறியிருந்தாலும் தாகம்தான். பி.பி. மாத்திரையை டயாலிசிஸ் நாள் காலையில் போடுகிறாரா என்று பாருங்கள், போடலாமா கூடாதா என்பதை நெப்ராலஜிஸ்ட்டிடம், அதாவது கிட்னி டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மெஷினில் இருக்கும்போது இட்லி, பொங்கல் என்று கனமாகச் சாப்பிட்டாலும் சிலருக்கு பி.பி. விழும்.

தென்காசி சாரல்

அம்மா சொல்வதைக் கேளுங்கள். காப்பீட்டில் வருகிற ஏழை நோயாளிதான் இவர்களுக்கு எப்போதும் சோதனை எலி. காகிதம் ஒரு கட்டு, அதில் எதைப் படிப்பது? கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள், நாளைக்கு அந்த ஆய்வில் பேர் வாங்குவது டாக்டர், ரத்தம் கொடுத்தது உங்கள் அப்பா.

பி_மதிப்பு

சாரல் சார் கோபம் வெறும் கற்பனையிலிருந்து வரவில்லை, இந்தியாவில் அப்படி நடந்ததும் உண்டு. ஆனால் மகள் கேட்ட முதல் கேள்விக்கு அதில் பதில் இல்லை. நான் மருத்துவப் புள்ளியியலில் வேலை செய்பவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டயாலிசிஸ் நோயாளிகள் விஷயத்தில் "இது நல்லதாகத்தானே இருக்கும்" என்று எல்லோரும் நம்பியது எத்தனை முறை பொய்த்திருக்கிறது தெரியுமா? ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் போனால் ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்டின் (ஈபிஓ) என்ற ஹார்மோனின் சுரப்பு குறைந்து ஹீமோகுளோபின் சரியும், அதற்குத்தான் அந்த ஊசி. ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பவர்கள் அதிக நாள் இருக்கிறார்கள் என்று பழைய விவரங்கள் காட்டின. அப்படியானால் ஊசியைக் கூட்டிப் போட்டு, நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு இருக்கும் அளவுக்கே ஏற்றிவிடலாமே? அமெரிக்காவில் இதய நோயும் இருந்த 1233 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 42 சதவீதம் இலக்கு, இன்னொரு பாதிக்கு 30, அதாவது ஹீமோகுளோபின் தோராயமாக 14-ம் 10-ம். 1998-ல் முடிவு வெளியானது. உயர்த்திய பக்கத்தில் 183 பேர் இறந்திருந்தார்கள், மறுபக்கத்தில் 150. டயாலிசிஸுக்காக அமைக்கும் ரத்த வழி (ஃபிஸ்டுலா, கிராஃப்ட்) அடைத்துக்கொள்வதும் உயர்த்திய பக்கத்தில்தான் கூடுதல். இறப்பில் தெரிந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் உறுதியானது அல்ல, ஆனாலும் தொடர்வதில் அர்த்தமில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். உங்கள் அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 11 வந்ததும் டாக்டர் ஊசியைக் குறைக்கிறார் என்றால், காசு மிச்சம் பிடிக்க என்று நினைத்துவிடாதீர்கள், இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் அதற்குப் பின்னால் இருக்கின்றன.

கொலஸ்ட்ரால் கதை இன்னும் விசித்திரம். ஜெர்மனியில் சர்க்கரையும் டயாலிசிஸும் சேர்ந்த 1255 பேருக்கு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் அல்லது மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியது, ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லும்படி குறையவில்லை. 2005-ல் வந்த முடிவு. மற்றவர்களுக்கு அவ்வளவு நன்றாக வேலை செய்கிற மாத்திரை இவர்களிடம் ஏன் தோற்றது? இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. டயாலிசிஸில் இருப்பவர்களின் இறப்பில் பெரும்பங்கு இதயத்தால்தான், ஆனால் அது நமக்குத் தெரிந்த ரத்தக்குழாய் அடைப்பு மட்டும் அல்ல. இதயச் சுவர் தடித்துப்போவது, பாஸ்பரஸ் ஏறிக் குழாய்களில் சுண்ணாம்பு படிவது, பொட்டாசியம் ஏறி இறங்குவது, திடீரென்று துடிப்பு தாறுமாறாவது எல்லாம் சேர்ந்தது. பல இதய மருந்துச் சோதனைகளில் சிறுநீரகம் கெட்டவர்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள், அதனால் மற்றவர்களிடம் கண்ட முடிவை இவர்களுக்கும் பொருத்தி மருந்து எழுதிக்கொண்டிருந்தோம். இவர்களை வைத்தே ஆராய வேண்டும் என்பது அதனால்தான்.

நல்ல முடிவுகளும் உண்டு. பிரிட்டனில் 2141 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், இரும்புச்சத்து இறங்கும்வரை காத்திருக்காமல் மாதாமாதம் 400 மில்லிகிராம் நரம்பு வழியாகக் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, இறப்பு குறைந்தது, ஈபிஓ ஊசியும் குறைவாகவே தேவைப்பட்டது. கிருமித்தொற்று கூடும் என்று பயந்தார்கள், கூடவில்லை. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 700-ஐத் தாண்டினால் நிறுத்திவிடுவது என்ற வரம்போடு செய்தது அது, வரம்பில்லாமல் ஏற்றுவதற்கு அது சான்று அல்ல.

நெஞ்சில் ஒட்டும் பட்டை என்றீர்களே, அதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. அமெரிக்காவிலும் இந்தியாவிலுமாக 66 டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தோலுக்கு அடியில் சின்னப் பதிவுக் கருவி வைத்து ஆறு மாதம் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கவனிக்க வேண்டிய துடிப்புக் கோளாறு இருந்தது. வேகமாக அடித்து நின்றுபோகும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள், பதிவில் மிக அதிகமாகத் தெரிந்தது துடிப்பு மிகவும் மந்தமாவது. அதுவும் நீண்ட இடைவெளியின் கடைசி மணி நேரங்களிலும் வாரத்தின் முதல் டயாலிசிஸிலும் கூடுதல். 2011-ல் அமெரிக்காவில் வாரம் மூன்று முறை செய்யும் 32,065 பேரின் விவரத்தில், இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாள் இறப்பும் ஆஸ்பத்திரி சேர்க்கையும் கூடுகிறது என்று கண்டிருந்தார்கள். அது இரண்டு நாளுக்கே. உங்கள் அப்பா வியாழன் முடித்து மறுபடி திங்கள்தான் போகிறார், நடுவில் முழுதாக மூன்று நாள். நம் ஊரில் இப்படி வாரம் இரண்டு முறை செய்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு அந்த மூன்று நாளில் இதயத்தில் என்ன நடக்கிறது என்று அமெரிக்க விவரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கேதான் ஆராய வேண்டும்.

ஃபிஸ்டுலா அக்கா

பல வருடமாக டயாலிசிஸில் இருப்பவள் நான். தம்பி எழுதியது எல்லாம் சரி, ஆனால் எங்களைக் கேட்டால் இறப்பு, மாரடைப்பு எல்லாம் பிறகு, முதலில் அசதி. மெஷினிலிருந்து இறங்கினால் பேருந்து ஏற உடம்பில் தெம்பு இருக்காது. ராத்திரி அரிப்பு, தூக்கம் வராமல் கால் குடைச்சல். இதை டாக்டரிடம் சொன்னால் "எல்லோருக்கும் இருக்கும்மா" என்பார்கள், பாஸ்பரஸ் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பார்கள். ஆய்வுக்காரர்களுக்கும் இது ரொம்ப நாள் கணக்கிலேயே இல்லை. பிறகு சாங் என்ற பெயரில் பல நாட்டு நோயாளிகளையும் மருத்துவர்களையும் சேர்த்து உட்காரவைத்து, டயாலிசிஸ் ஆய்வு என்றால் எதையெல்லாம் கட்டாயம் அளக்க வேண்டும் என்று கேட்டார்கள். வந்த பட்டியலில் இதயநோய், ஃபிஸ்டுலா போன்ற ரத்த வழி, இறப்பு ஆகியவற்றோடு அசதியும் இருக்கிறது. எனவே மகளே, அந்தக் காகிதத்தில் அசதியைப் பற்றி, டயாலிசிஸ் முடிந்து எத்தனை மணி நேரத்தில் தெளிவீர்கள் என்பதைப் பற்றி ஒரு கேள்வியாவது இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேள். எங்களைப் போன்றவர்கள் கேட்காமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, ரத்தம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் டியூபிலும் ஃபில்டரிலும் கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. எத்தனை மில்லி, எத்தனை தடவை என்று கேட்டுக்கொள். மெஷின் லைனிலிருந்தே எடுக்கச் சொல், தனியாகக் கையில் குத்த வேண்டாம். ஃபிஸ்டுலா இல்லாத கையின் நரம்பையும் காப்பாற்றி வைக்கணும், பின்னாடி தேவைப்படலாம்.

தென்காசி சாரல்

சரி, ஆராயட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? வேண்டாம் என்று சொன்னால் டயாலிசிஸ் சீட்டில் கை வைப்பார்களா? அதைச் சொல்லுங்கள்.

பி_மதிப்பு

நியாயமான கேள்வி. சேர மறுத்தாலும், நடுவில் விலகினாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்கக்கூடாது, அது ஒப்புதல் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். புதிய மருந்துச் சோதனை என்றால் 2019-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி பாதிப்புக்கு இலவச சிகிச்சை, இழப்பீடு எல்லாம் உண்டு. மகள் சொல்வது மருந்தில்லாத கவனிப்பு ஆய்வு, ஆபத்து குறைவு, ஆனால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இதற்கும் வேண்டும். படிவத்தில் குழுவின் பெயரும் தொடர்பு எண்ணும் இருக்கும், இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். சி.டி.ஆர்.ஐ. என்று இந்திய அரசின் ஆய்வுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. மருந்துச் சோதனைகளை அதில் கட்டாயம் பதிய வேண்டும், கவனிப்பு ஆய்வுகளும் பல அங்கே பதிவாகின்றன. தலைப்பைப் போட்டுத் தேடினால் யார் நடத்துகிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள் என்று இலவசமாகப் பார்க்கலாம். தமிழில் படிவம் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். இரண்டும் உங்கள் உரிமை.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த ஆய்வால் அப்பாவுக்கு நேரடியாகக் கால் இழுப்பது நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பட்டையில் மோசமான துடிப்பு தெரிந்தால் உங்களுக்கும் அவருடைய டாக்டருக்கும் உடனே சொல்வார்களா, அல்லது ஆய்வு முடியும்வரை கோப்பில் கிடக்குமா? என்னைக் கேட்டால் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி அதுதான்.

மூன்றாம் ஷிப்ட்

ஒரு சின்ன ஒட்டு. பி.பி. விழுகிறவர்களுக்கு டயாலிசிஸ் திரவத்தைச் சற்றுக் குளிர்வித்து ஓட்டுவது எங்கள் யூனிட்டில் பழைய வழக்கம். கனடாவில் 84 மையங்களில் 15,000 பேருக்கு மேல் இதைச் சோதித்தார்கள், 2022-ல் முடிவு. எல்லோருக்கும் பொதுவாகக் குளிர்விப்பதால் இதயச் சிக்கலோ இறப்போ குறையவில்லை, நோயாளிகளுக்குக் குளிர் எடுத்ததுதான் மிச்சம். ஆனால் அடிக்கடி பி.பி. விழும் குறிப்பிட்ட ஆளுக்கு டாக்டர் சொல்லிச் செய்வது வேறு. அப்பாவுக்கு முயன்று பார்த்தார்களா என்று கேளுங்கள், போர்வை கொண்டுபோங்கள்.

ஈரோட்டு மகள்

எல்லோருக்கும் நன்றி. படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கிவிட்டேன். நெறிமுறைக் குழு விவரம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ரத்தம் டயாலிசிஸ் ஆரம்பிக்கும்போது லைனிலிருந்துதான் எடுப்பார்களாம். அசதி பற்றிக் கேள்வி இருக்கிறது அக்கா, ஒரு பக்கம் முழுக்க. பட்டையில் ஏதாவது தெரிந்தால் சொல்வார்களா என்பது மட்டும் படிவத்தில் தெளிவாக இல்லை. அந்த டாக்டரிடம் கேட்டதற்கு "சொல்லுவோம்" என்றார். எழுத்தில் சேர்த்துத் தாருங்கள், பிறகு கையெழுத்து என்று அப்பாவே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.