பைக்கில் வழிகாட்ட போன் போதுமா, தனி ஜிபிஎஸ் வேண்டுமா?

வரைபடத்தில் போனை அடிக்க ஆளில்லை. கூகுள் மேப்ஸில் டூவீலருக்கென்று தனி வழி 2017 டிசம்பரிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. தனிக் கருவிக்குக் காசு கொடுப்பது வெயில், மழை, அதிர்வு இந்த மூன்றுக்காகத்தான்.

ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுவெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. சித்திரை வெயிலில் திருச்சி–மதுரை சாலையில், சார்ஜ் ஏறிக்கொண்டே முழு வெளிச்சத்தில் திரை ஓடினால் முதலில் திரை மங்கும், அடுத்து சார்ஜ் ஏறாது, கடைசியில் திரையே அணையும். வயர்லெஸ் சார்ஜ் மவுன்ட் (போனைப் பிடிக்கும் ஸ்டாண்ட்) என்றால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும். மழையில் துளி விழுவதையே விரல் பட்டதாக எடுத்துக்கொண்டு வரைபடம் தானாக நகரும். அதிர்வால் கேமராவின் ஓஐஎஸ் (படம் ஆடாமல் எடுக்க உதவும் பாகம்) கெடலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. ஹேண்டில்பாரில் போன் வைப்பவர்கள் அதிர்வைக் குறைக்கும் டேம்பர் உள்ள மவுன்ட் போடுங்கள்.

தனிக் கருவிகளில் கார்மின் ஜூமோ எக்ஸ்டிக்கு 5.5 அங்குலத் திரை, டாம்டாம் ரைடர் 550க்கு 4.3. இரண்டும் ஐபிஎக்ஸ்7, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். கிளவுஸ் போட்ட கையாலேயே தொடலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் இந்திய வரைபடம் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

—

பைக்கில் சார்ஜருக்கான வயரிங்கை யாரும் சொல்லவில்லையே. பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடிக்கும். நாலு பின் ரிலே (சாவி போட்டால் மட்டும் சார்ஜருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) போடுங்கள். ரிலேயில் 30 என்று எழுதிய பின்னில் பேட்டரி பாசிட்டிவ், 87இல் சார்ஜர், 85இல் எர்த், 86இல் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயர். சார்ஜர் போனுக்குக் கொடுப்பது 5 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 12 வோல்ட் பேட்டரி பக்கம் சுமார் 1 ஆம்பியர்தான். 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும், ஆனால் அது பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் காப்பாற்றாது.

பழைய சின்ன பைக்குகளில் ஹெட்லைட் வயரிலிருந்து 86க்கு எடுக்கவே கூடாது. பலவற்றில் அது மேக்னெட்டோவிலிருந்து (எஞ்சின் சுழன்று கரண்ட் தரும் பாகம்) வரும் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட். ரிலே கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். ஹார்ன் அல்லது பிரேக் லைட் சுவிட்சுக்கு வரும் வயரில் எடுங்கள். வயரை கேபிள் டையால் கட்டுவதற்கு முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் லாக் வரை திருப்பிப் பாருங்கள். வயர் அறுவது எப்போதும் அந்த ஹேண்டில் கழுத்தில்தான்.

—

முன்கூட்டியே போட்ட வழியைக் கருவியில் ஏற்றும்போது, ஜிபிஎக்ஸ் கோப்பை (வழியைச் சேமிக்கும் கோப்பு) ரூட்டாக ஏற்றாமல் டிராக்காக ஏற்றுங்கள். ரூட் என்பது சில புள்ளிகள் மட்டும், நடுவில் உள்ள வழியைக் கருவியே கணக்குப் போடும். மதுரையிலிருந்து பழனி வழியாகக் கொடைக்கானல் ஏற நினைத்து ரூட் போட்டால், கருவி மறுகணக்குப் போடும்போது வத்தலக்குண்டு பக்கமே இழுக்கும். டிராக் என்பது வரைந்த கோடு, மாறாது.

ரூட்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியையும் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள். நாலுவழிச் சாலையில் புள்ளி எதிர்ப்பக்கம் விழுந்தால் யூ டர்ன் போடச் சொல்லும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தப் புள்ளி கீழ் அடுக்கில் உட்கார்ந்துவிட்டால், ஏறிய பிறகும் திரும்பி இறங்கச் சொல்லிக்கொண்டே இருக்கும்.