மறுமொழி: காசுக்கு 'மேல்வாசி' என்ற கலைச்சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்க வெள்ளிக் காசுகளை விலை மதிப்பிடுவது பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளியின் விலைக்கு மேல் சேகரிப்பாளர் கொடுக்கும் தொகைக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். நேற்று நம் குழுவில் ஐயா எழுதியது:

> 'நாணயவியல் மதிப்பு' என்றே வைக்கலாம். பொருள் விளங்குகிறது, புதிதாக ஒன்றும் தேவையில்லை.

ஐயா, படிக்கும்போது விளங்குகிறது, கணக்குப் போடும்போது குழப்புகிறது. மோர்கன் டாலர் என்னும் பழைய அமெரிக்க வெள்ளிக் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 26.73 கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 24 கிராம் சொச்சம், வெள்ளி. காசின் மேல் பொறித்திருக்கும் ஒரு டாலர் முகமதிப்பு. உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலை உருக்குமதிப்பு. இவற்றில் சிக்கல் இல்லை. 'நாணயவியல் மதிப்பு' என்றால் சேகரிப்பாளர் கொடுக்கும் முழு விலையா, உருக்குமதிப்பைக் கழித்த மீதியா? எனக்கு வேண்டியது அந்த மீதிக்கான பெயர்.

அந்த மீதிதான் இந்தத் துறைக்கு உயிர். 1921இல் பிலடெல்பியாவில் அடித்த மோர்கன் டாலர்கள் 4 கோடியே 46 லட்சத்துக்கு மேல். 1893இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தவை ஒரு லட்சம்தான். இரண்டிலும் வெள்ளி ஒரே அளவு. தேய்ந்த 1921 டாலர் வெள்ளி விலையை ஒட்டியே போகும். 1893 என்ற ஆண்டோடு, பின்புறத்தில் மாலையின் முடிச்சுக்குக் கீழே சான்பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் கடுகளவு 'எஸ்' எழுத்தும் இருந்துவிட்டால், நன்றாகத் தேய்ந்திருந்தாலும் ஆயிரக்கணக்கான டாலர் பெறும்.

அடித்த எண்ணிக்கையை மட்டும் நம்பவும் முடியாது. 1918ஆம் ஆண்டின் பிட்மன் சட்டம் என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். எந்த ஆண்டுக் காசு எத்தனை போயிற்று என்று யாரும் குறித்து வைக்கவில்லை. 1903ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் டாலர் அப்படிப் போய்விட்டது என்றே நம்பினார்கள். அதன் விலையும் எட்டாத உயரத்தில் இருந்தது. 1962இன் கடைசியில் கருவூலத்தின் பழைய மூட்டைகள் வெளியே வந்தபோது அதே காசு புத்தம் புதிதாகக் கொட்டியது. விலை சரிந்தது. காசில் இருந்த வெள்ளி ஒரு குன்றிமணியும் குறையவில்லை. குறைந்தது எது? அதற்குப் பெயர் இல்லாமல் நான் மூன்று வரி எழுத வேண்டியிருக்கிறது.

என் பரிந்துரை: மேல்வாசி.

'வாசி' காசோடு பிறந்த சொல். பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு கிடைத்ததையும், சம்பந்தர் காசுக்கு மட்டும் வணிகர்கள் வட்டம், அதாவது தள்ளுபடி, கழித்ததையும் அறிவீர்கள். 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று அவர் பாடியது அதனால்தான். காசு பெற வேண்டிய விலைக்கும் கடையில் பெற்ற விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு அங்கே வாசி. நம் தேவையும் அதுவே. திசை மட்டும் மேல்நோக்கி.

மேல்வாசி என்றால் மாடியில் குடியிருப்பவர் என்று படித்துவிடுவார்களோ என்று குழுவில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான அச்சம். முதலில் நான் நினைத்த 'சேகரவாசி'யை அதற்காகவே கைவிட்டேன். அது நகரவாசிக்குத் தம்பி போல இருந்தது. ஆனால் அரைவாசி, முக்கால்வாசி, விலைவாசி என்று நாள்தோறும் சொல்கிறோம், யாருக்கும் குடியிருப்பு நினைவுக்கு வருவதில்லை. மேல்வாசி அந்த வரிசையில் இயல்பாகப் போய் உட்காரும்.

இன்னொரு சொல்லுக்கும் உங்கள் ஒப்புதல் வேண்டும்: அச்சொளி. என் மேசையில் 1881ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ டாலர் ஒன்று இருக்கிறது. விளிம்பைப் பிடித்து விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளி சுற்றுகிறது. அச்சு அழுத்தியபோது வெள்ளி விளிம்பை நோக்கி ஓடியதால் விழுந்த நுண்கோடுகளின் வேலை அது. அந்த ஒளியைத்தான் அச்சொளி என்கிறேன். பக்கத்திலேயே ஒரு 1921 டாலர். முன்பு வைத்திருந்தவர் யாரோ துலக்கியிருக்கிறார். மின்னுகிறது, ஆனால் சாய்த்தால் ஒளி நகரவில்லை. காசிலுள்ள லிபர்ட்டி என்ற பெண்ணுருவின் காதுக்கு மேலுள்ள முடியிழைகள் மழுங்கி, இடுக்குகளில் தேய்த்த பொடி வெள்ளையாக நிற்கிறது. இரண்டையும் 'பளபளப்பு' என்றே எழுதினால் வாசகர் நல்ல காசையும் துலக்கப் போய்விடுவார். வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்கிப் பழகிய கைகள் நம்முடையவை. கட்டுரையில் நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான்.

தரம் பார்ப்பதற்கு 'நோட்டம்' என்று சென்ற வாரம் வந்த கருத்தில் எனக்கு முழு உடன்பாடு. 1 முதல் 70 வரை போகும் ஷெல்டன் அளவையை 'நோட்ட எண்' என்று எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு வாக்கியம்: 'காசைத் துலக்கினால் அச்சொளி போகும், அதோடு மேல்வாசியில் பெரும்பகுதியும் போகும், உருக்குமதிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.' இதில் மேல்வாசியை எடுத்துவிட்டு நாணயவியல் மதிப்பை வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஐயா. அதன் பிறகும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.