நகராட்சி ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் பிஎஃப்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் தெரு அக்கா ஒருவர் நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். சம்பளத்தில் மாதாமாதம் 12 சதவீதம் பிஎஃப் பிடித்தார்கள். ஆனால் மத்திய அரசின் உமங் செயலியில் பிஎஃப் கணக்கைப் பார்த்தால், பழைய ஒப்பந்ததாரர் காலத்தில் பல மாதங்களுக்குப் பணமே ஏறவில்லை. இப்போதைய ஒப்பந்ததாரர் தனக்குச் சம்பந்தமில்லை என்கிறார், நகராட்சி அலுவலகத்திலும் கையை விரிக்கிறார்கள்.

நகராட்சிகள் 2011 ஜனவரியிலேயே பிஎஃப் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான நகராட்சிதான் கட்ட வேண்டும். பிறகு எப்படிக் கைவிரிக்க முடியும்?

பணத்தைவிட, பிஎஃப்போடு சேர்ந்து வரும் பென்ஷன்தான் எனக்குப் பெரிய கவலை. 10 வருட சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். அக்காவுக்கு 50 தாண்டிவிட்டது. விடியற்காலையில் குப்பை அள்ளிய மாதங்கள் கணக்கில் வராமல் போவது பெரிய அநியாயம்.

சம்பளச் சீட்டு எதுவும் கையில் இல்லை. வருகைப் பதிவேட்டை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினால், பிஎஃப் அலுவலகம் நிலுவையை முடிவுசெய்ய நடத்தும் 7ஏ விசாரணையில் ஏற்பார்களா? அப்புறம், பெயர் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார். தொழிற்சங்கம் வழியாகப் புகார் கொடுத்து நிலுவையை வாங்கியவர்கள் இருந்தால், என்னென்ன ஆவணம் இணைத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.