திருக்கடையூர் முடிச்சுட்டு தரங்கம்பாடி போலாமா? கூட பாட்டி இருக்காங்க

வர்ற மாசம் அப்பாவுக்கு திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். ஹோமம் முடிஞ்சு சாப்பிட மத்தியானம் ஆயிரும், மாயவரத்துல ட்ரெயின் ராத்திரி தான், இடைல தரங்கம்பாடி போலாம்னு ஆசை ஆனா பாட்டிக்கு மூட்டுவலி. கோட்டை தவிர என்ன இருக்கு?

பொறையார்வாசி:
அப்பா அம்மாவுக்கு என் நமஸ்காரம். தாராளமா வாங்க, கார்ல கொஞ்ச நேரம் தான். வாசல் வளைவுக்குள்ள நுழைஞ்சு ராஜவீதி வழியா கோட்டை பக்கம் வரைக்கும் வண்டி போகும். வெயில் தாழ நாலு மணிக்கு மேல வாங்க, மணல்ல நிழலே கிடையாது. கோட்டை 1620ல தஞ்சாவூர் ராஜா ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி டேனிஷ்காரங்க கட்டினது, 1845ல ஊரையே இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டாங்க. ஆனா கோட்டைய பாத்துட்டு அப்படியே திரும்பிராதீங்க. பக்கத்துல மாசிலாமணிநாதர் கோயில் இருக்கு, குலசேகர பாண்டியன் காலத்துது, அங்க 1306 கல்வெட்டுல நம்ம ஊர் பேரு சடங்கன்பாடி. பழைய கோயிலோட முன்பக்கம் பூரா கடல் கொண்டு போயிருச்சு. அலை வர்ற இடத்துல கருங்கல்லா கொட்டி வச்சிருக்காங்க, அலை அடிச்சுட்டு திரும்பும்போது கல்லு இடுக்குல தண்ணி இறங்குற சத்தம் கேக்கும், நான் சின்ன வயசுலேர்ந்து கேக்குறேன், இன்னிக்கும் அங்க நின்னா மனசு என்னமோ பண்ணும். அந்த கோயில காப்பாத்தணும்.

கடலோரத்தான்:
அண்ணன் சொன்னது சரி. ராஜவீதில புது எருசலேம் சர்ச்சையும் பாருங்க, 1718ல கட்டினது, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கல்லறை உள்ள தான் இருக்கு. 1706ல வந்து இறங்கி, தமிழ் படிச்சு, இங்கயே அச்சுக்கூடம் வச்சு தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சடிச்ச மனுஷன். பாட்டிய அங்க உக்கார வச்சுட்டு நீங்க கடற்கரைக்கு போயிட்டு வரலாம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. பாட்டிகிட்ட சொன்னேன், சர்ச்ல உக்காருறேன் ஆனா அந்த சிவன் கோயிலுக்கு என்னையும் கூட்டிட்டு போயிரணும்ங்கிறாங்க. வண்டி கோயில் கிட்ட போகுமா?

பொறையார்வாசி:
கிட்ட வரைக்கும் போகும், கொஞ்ச தூரம் கைத்தாங்கலா கூட்டிட்டு போயிரலாம். பசங்கள மட்டும் அந்த கல்லு மேல ஏற விடாதீங்க, பாசி வழுக்கும்.