எண்ணெய் 200 மில்லி போதும்: ஊரின் வரவு செலவு உங்களுக்கு எங்கே தெரிகிறது?

திருப்பாதிரிப்புலியூர், மளிகைக் கடை

கடலூரில் கடை வைத்துப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் பணம் புழங்குகிறதா என்று பார்க்க நான் விலைப் பட்டியலை நம்புவதில்லை. வருகிறவர் என்ன அளவு கேட்கிறார் என்பதைத்தான் கவனிக்கிறேன். விலை ஏறினால் கடை வாசலிலேயே நின்று திட்டுவார்கள். அளவைக் குறைக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிய வீடு அரை லிட்டருக்கு வந்தது, பிறகு 200 மில்லிக்கு வந்தது. மாதச் சாமான் சீட்டை மடித்துக் கொண்டுவந்த குடும்பங்கள் இப்போது அன்றன்றைக்கு வேண்டியதைச் சாயங்காலம் பிள்ளையை அனுப்பி வாங்குகின்றன. ரேஷன் பாமாயிலை முன்பு வேலைக்கார அம்மாவுக்குக் கொடுத்துவிட்டவர்கள்கூட, 25 ரூபாய் பாக்கெட் இந்த மாதம் வந்துவிட்டதா என்று என்னிடம் விசாரிக்கிறார்கள்.

தேதியும் ஒரு கணக்கு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய பிறகு என் கடைக்கு மாதத்தில் இரண்டு சம்பள நாட்கள். அந்த 1,000 ரூபாய் வங்கியில் ஏறிய மறுநாள் கடன் நோட்டில் பத்துப் பேர் பாக்கியாவது குறையும். அந்தத் தொகையைக் குறை சொல்பவர்கள் ஒரு நாள் என் கல்லாவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில், தென்பெண்ணை பெருக்கெடுத்து வீடுகளுக்குள் புகுந்ததே, அதற்கு அரசு தந்த 2,000 ரூபாய் எதற்குச் செலவானது என்று எனக்குத் தெரியும். பாய், பிளீச்சிங் பவுடர், பள்ளி நோட்டுப் புத்தகம். நனைந்துபோன புத்தகங்களுக்குப் பதிலாகப் புதிது வாங்க வந்த ஒரு தந்தை, அட்டை போடும் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அதை நானாகவே பையில் போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் தொழிலில் இது எப்படித் தெரிகிறது? அனுபவித்ததை எழுதுங்கள்.

கடலூர் முதுநகர், மீன் விற்பவரின் மகள்

அம்மா முப்பது ஆண்டுகளாகத் துறைமுகத்தில் ஏலம் எடுத்துக் கூடையில் கொண்டுபோய் விற்கிறார். அளவு என்று நீங்கள் சொல்வது எங்களுக்குக் கூறு. ஒரு கூறுக்கு எத்தனை மத்தி வைத்தால் வாங்குவார்கள் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். கையில் காசு இருக்கும் வாரத்தில் சங்கரா எங்கே, பாறை எங்கே என்று கேட்பார்கள். இல்லாத வாரத்தில் ஐம்பது ரூபாய்க்கு என்ன தருவாய் என்பதுதான் முதல் கேள்வி. வஞ்சிரம் ஐஸ் பெட்டியில் ஏறி வெளியூர் போய்விடுகிறது. பிடித்த ஊரில் அதைச் சமைக்கும் வீடுகள் மிகச் சில.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் படகில் போகும் குடும்பங்களுக்கு ஒரு பிடிமானம். ஆனால் அந்த இரண்டு மாதமும் அம்மாவின் கூடை கருவாட்டுக்கு மாறும், முதலுக்குத் தண்டல் வாங்குவோம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தருவார்கள். நூறு நாளில் தினம் நூறாகத் திருப்ப வேண்டும்.

எங்கள் தெருவின் நிலைமையை நான் தண்டல்காரரின் மோட்டார் சைக்கிளை வைத்துச் சொல்வேன். நல்ல காலத்தில் சாயங்காலம் ஒரு முறை வந்து, வண்டியை அணைக்காமலே வாங்கிக்கொண்டு போவார். கெட்ட காலத்தில் காலையிலும் வருவார், வண்டியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்காருவார். போன ஆண்டு மே மாதம் எங்கள் திண்ணையில் அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா பின்வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார், அது ஏற்கெனவே காய்ந்திருந்தது.

முள்ளோடை, பெட்ரோல் பங்க் ஊழியர்

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுச்சேரி எல்லைக்குள் தாண்டி வந்தால் லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் மிச்சம் என்பதால் கடலூர் வண்டிகள் எங்களிடம் வரும். டாங்கை நிரப்பச் சொல்கிறவர் எத்தனை பேர், நூறு ரூபாய்க்குப் போடச் சொல்கிறவர் எத்தனை பேர் என்பதுதான் என் கணக்கு. அண்மையில் ஒருவர் கடலூரிலிருந்து வந்து ஐம்பது ரூபாய்க்குப் போட்டார். வந்து போகும் செலவுக்கே அது சரியாகிவிடும் அண்ணே என்றேன். தெரியும் தம்பி, புதுச்சேரியில் வேலை கேட்கப் போகிறேன் என்றார்.

மஞ்சக்குப்பம், நகைக் கடன் பிரிவில் பணி

தங்கம் விலை ஏறினால் மக்கள் கையில் செல்வம் கூடிவிட்டது என்று பேசுகிறார்கள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் மறுக்கிறேன். 2020 தொடக்கத்தில் சவரன் 30,000 ரூபாய் அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நகை மதிப்பில் நான்கில் மூன்று பங்கு வரை கடன் தரலாம் என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. விளைவு என்ன? அதே மூன்று சவரன் சங்கிலி, அதே பெண்மணி. விலை ஏற ஏறக் கூடுதல் பணம் வாங்கிக்கொள்கிறார். சங்கிலி பெட்டகத்திலேயே இருக்கிறது, அதை மீட்கத் தேவையான தொகை மட்டும் அவர் வருமானத்தைவிட வேகமாக ஓடுகிறது.

ஜூனில் பள்ளிக் கட்டணம், பிறகு விதைப்பு, பிறகு தீபாவளி என்று வரிசை நீளும் மாதங்கள் எங்களுக்கு அத்துப்படி. என்னை உலுக்கியது வேறு. முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் கைமாற்று வாங்கி வந்து நகையை மீட்பார்கள். கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. திங்கட்கிழமை காலையில் அதே நகை திரும்ப வரும், சில நேரம் சங்கிலியில் மஞ்சளும் சந்தனமும் ஒட்டியிருக்கும். எடை போடுவதற்கு முன் துடைத்துவிட்டுத்தான் தட்டில் வைப்பேன்.

புதுச்சேரி முதலியார்பேட்டை, மில் தொழிலாளியின் மகன்

சனிக்கிழமை இரவு கடற்கரைச் சாலையைப் பார்த்தால் புதுச்சேரி செழித்துக் கொழிப்பதாகத்தான் தோன்றும். விடுதிகளில் இடமில்லை, கார் நிறுத்த இடமில்லை. செவ்வாய்க்கிழமை பகலில் வாருங்கள். ஆட்டோக்காரர்கள் நிழல் தேடி வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொண்டிருப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் வரும் காசை ஏழு நாளுக்கு நீட்டுவது எப்படி என்பதே என் தெருவின் கவலை.

அப்பா ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸில் தறி ஓட்டியவர். 1898இல் தொடங்கிய ஆலை, எங்கள் பாட்டி கடைசிவரை ரோடியர் மில் என்றுதான் சொன்னார். சங்கு ஊதினால் டீக்கடைகளில் அடுப்பு எரியும். சம்பள நாளில் துணிக்கடைக்காரர் அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்து, பார்த்துக் கொடுங்கள் என்று கடனுக்குத் தீபாவளித் துணி கிழித்துத் தருவார். மாதம் பிறந்தால் வந்துவிடும் என்ற உறுதி அந்தக் கடனுக்குப் பின்னால் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஆலையைச் சிதைத்தது. 2020 ஏப்ரல் 30உடன் மூடிவிட்டார்கள். அந்தத் துணிக்கடையில் இப்போது ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் யாருக்கும் கடன் கிடையாது. உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் என் தம்பிக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லையே, எதை நம்பித் தருவார்? அந்தக் கடைக்காரர் மீது எனக்குக் கோபம் இல்லை. சம்பளமே இல்லாத வேலைக்கு வேலை என்று பெயர் வைத்தவர்கள் மீதுதான் கோபம்.

பண்ருட்டி அருகே, முந்திரி உடைப்பவர்

எங்களுக்கு ஆலைப் புகைதான் செய்தித்தாள். கொதிகலன் புகைந்தால் அன்று கொட்டை அவிக்கிறார்கள், இரண்டு நாளில் உடைக்க எங்களுக்கு வேலை. தானே புயலில் மரங்கள் வேரோடு போன பிறகு எங்கள் கொல்லையில் புதிதாக வைத்தவை காய்க்க ஆண்டுகள் ஆயின. இப்போதும் ஆலைகள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கொட்டையை நம்பித்தான் ஓடுகின்றன. அங்கே விலை கூடினால் இங்கே புகை நிற்கும். வாரத்தில் ஆறு நாள் புகைந்தால் பிள்ளைக்குச் சனிக்கிழமை கறி. மூன்று நாள் என்றால் கழனியில் களை எடுக்கப் போவோம். உடைத்த பருப்பில் நொறுங்கியதை மலிவாகத் தருவார்கள், அதையும் பொங்கலுக்குத்தான் வாங்குவோம்.

திருப்பாதிரிப்புலியூர், மளிகைக் கடை

எல்லோருடையதையும் படித்தேன். தண்டல்காரரின் வண்டியை இனி நானும் பார்ப்பேன்.

அளவை வைத்துக் கணிப்பேன் என்று பெரிதாக எழுதியிருந்தேன். நேற்று அதில் ஒரு சிக்கல். பக்கத்துத் தெருவில் தையல் வேலை செய்யும் அக்கா வந்து, நோட்டில் இருந்த 3,460 ரூபாயை ஒரே தடவையில் கட்டினார். மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்திருக்கிறது. அவர் பக்கம் முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன், அவரும் குனிந்து பார்த்தார். பழையபடி ஒரு லிட்டர் என்று நினைத்து நல்லெண்ணெய் பாக்கெட்டை எடுத்து வைத்தேன்.

"200 போதும் அண்ணே, கை பழகிவிட்டது" என்றார்.