ஃபார்மசியிலேயே தடுப்பூசி போட விடலாமா? பெஸ்தாரி ஜெயா, சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள் கருத்து சொல்லுங்க

பெர்ஜுந்தை மகன் | சனி, இரவு 9.40

வணக்கம். ஒரு வாரமா மனசுல கிடந்து உறுத்துற விஷயம்.

அப்பாவுக்கு 71 வயசு. தென்னமரம் தோட்டத்துல குலை வெட்டினவர். 1917ல மலேசியாவிலேயே முதல்முதலா வியாபாரத்துக்குச் செம்பனை போட்ட தோட்டம் அது. இப்போ நுரையீரல் பலவீனமாகி, பம்ப் அடிச்சாத்தான் மூச்சு சீராகுது. ஃப்ளூ வந்தா தாங்க மாட்டார், வருஷா வருஷம் ஊசி போட்டுக்கச் சொல்லுங்கன்னு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருக்கார்.

போன சனிக்கிழமை ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். முக்கால் மணி நேரம் உட்கார வெச்ச பிறகு ஸ்டாக் இல்லன்னாங்க. அரசாங்க கிளினிக்குன்னா வேலை நாள்லதான் போகணும். எனக்கு ஷா ஆலம் ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை. ஒரு நாள் போகலைன்னா அந்த மாசத்து அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் மொத்தமா போயிரும்.

அப்பா வழக்கமா மருந்து வாங்குற ஃபார்மசி ராத்திரி 10 மணி வரைக்கும் திறந்திருக்கு. அங்க இருக்கிற மருந்தாளர் பொண்ணு அவரோட பிரஷர் மாத்திரை, பம்ப் எல்லாத்தையும் பேர் சொல்லிக் கேட்கும். ஊசியை நீயே போட்டுடேன்மான்னு கேட்டேன். "எங்களுக்கு அனுமதி இல்ல அண்ணே"ன்னுச்சு.

இங்கிலாந்துல 2015லேருந்து அரசாங்கச் செலவுலயே ஃபார்மசியில ஃப்ளூ ஊசி போடுறாங்க. அயர்லாந்துல 2011லேருந்து, போர்ச்சுகல்ல 2007லேருந்து. நமக்குப் பக்கத்துல பிலிப்பைன்ஸ்ல 2016லயே சட்டம் வந்துருச்சு, பயிற்சி எடுத்த மருந்தாளர் பெரியவங்களுக்குப் போடலாம். இங்க மட்டும் என்ன தடை?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | சனி, இரவு 10.25

தம்பி, அப்பாவை நினைச்சு எழுதியிருக்கீங்க, புரியுது. ஆனா எனக்கு இதுல சம்மதமில்ல. 34 வருஷம் அரசாங்க வேலையில மிஸ்ஸியா, அதாவது நர்ஸா இருந்து ஊசி போட்டவ நான்.

குத்துறது அஞ்சு விநாடி. முன்னாடி கேட்கிற கேள்வியும், பிறகு உட்கார வெச்சுப் பார்க்கிற 15 நிமிஷமும்தான் உண்மையான வேலை. ஒரு தடவை நடுத்தர வயசுப் பொண்ணு ஒருத்தி, சிரிச்சுப் பேசிக்கிட்டே ஊசி போட்டுக்கிட்டா. எட்டாவது நிமிஷம் உதடு வீங்கிருச்சு, குரல் மாறிருச்சு. அடுத்த அறையில டாக்டர் இருந்தார். தொடையில அட்ரினலின் போட்டு, ஆக்சிஜன் வெச்சு, டிரிப் ஏத்தி, ஆம்புலன்ஸ்ல ஏத்தினோம். நாலு பேர் ஓடினோம். அந்த நிமிஷத்துல ஃபார்மசியில யார் ஓடுவா? அந்தப் பொண்ணு ஒருத்திதான் நிக்கும். பெரிய ஆஸ்பத்திரின்னா தஞ்சோங் காராங், இல்லன்னா சுங்கை பூலோ. தூரம் உங்களுக்கே தெரியும்.

மருந்தாளரைக் குறைச்சுப் பேசல. அவங்க படிப்பு வேற, எங்க கைப்பழக்கம் வேற.

மருந்தாளர் பந்திங் | சனி, இரவு 11.10

அக்கா, நான் பந்திங்ல ஃபார்மசியில வேலை செய்றேன். நீங்க சொன்ன எட்டாவது நிமிஷம்தான் எங்களுக்கும் பெரிய பயம். அதை மறைக்க மாட்டேன்.

ஆனா அது எவ்வளவு அரிதுன்னும் சொல்லணும். அந்த மாதிரிக் கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வருது. வந்தா முதல் நிமிஷங்கள்ல செய்ய வேண்டியது நீங்க சொன்னதேதான்: தொடையில அட்ரினலின், காலை உயர்த்திப் படுக்க வைக்கிறது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுறது. மருந்தாளர் ஊசி போடுற நாடுகள்ல, இந்த முதலுதவியில தேர்ச்சி பெறாதவங்களை ஊசியைத் தொட விடுறதில்ல. கைப்பழக்கம் பழகினா வர்றதுதானே அக்கா? நீங்களும் பயிற்சிக் காலத்துல பழகினதுதான்.

படிப்பைப் பத்திச் சொன்னீங்க. நாலு வருஷம் பட்டப்படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. தடுப்பு மருந்து 2லேருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். சூடு பட்டாக் கெடும்னு எல்லாருக்கும் தெரியும். சில மருந்து உறைஞ்சாலும் கெட்டுரும், பார்த்தா அப்படியே இருக்கும். இது எங்க தினசரி வேலை, இன்சுலினுக்கும் இதே காவல்தான். 2021ல கோவிட் ஊசி போட்டப்போ மருந்தைக் கலந்து கொடுத்தவங்கள்ல மருந்தாளர்களும் இருந்தாங்க. ஃபைசர் குப்பியில 1.8 மில்லி உப்புநீர் கலந்து, குலுக்காமக் கவிழ்த்துக் கவிழ்த்து, ஆளுக்கு 0.3 மில்லி. அது வரைக்கும் எங்களை நம்பினாங்க. கடைசி ஒரு அங்குலத்துக்கு நம்பல.

கிளினிக் வீட்டுப் பிள்ளை | ஞாயிறு, காலை 7.50

எங்க அப்பா ஒரு சின்ன ஊர்ல 28 வருஷமா கிளினிக் வெச்சிருக்கார். கணக்கு எழுதுறது நான்தான். பேச வேண்டியதைப் பேசிடுறேன்: இதுல வருமானமும் இருக்கு, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்ல.

தனியார் டாக்டர் பார்த்ததுக்கு வாங்குற கட்டணம் 10லேருந்து 35 வெள்ளி (ரிங்கிட்)ன்னு 2006 விதிமுறையில போட்டாங்க. வருஷக்கணக்கா அதுலேயே கிடந்துச்சு. வாடகை, மிஸ்ஸி சம்பளம், கரண்ட் எல்லாம் ஏறிருச்சு. நம்ம நாட்டுல டாக்டரே மருந்தும் கொடுக்கலாம், ஊசியும் போடலாம்ங்கிறதாலதான் இந்தச் சின்ன ஊர்க் கிளினிக்குங்க உயிரோட இருக்கு. இன்னிக்கு ஊசியை எடுத்தா, நாளைக்கு மருந்து கொடுக்கிறதையும் எடுப்பாங்க. கிளினிக் மூடினா, ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைக்கு ஜுரம்னு ஓடி வர்ற தாய் எங்க போவா? ஃபார்மசியில காதுக்குள்ள விளக்கடிச்சுப் பார்க்க முடியுமா?

பெர்ஜுந்தை மகன் | ஞாயிறு, காலை 8.15

தம்பி, உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. ஆனா உங்க கிளினிக் கணக்கு சரியாகணும்னு எங்க அப்பா ஊசியில்லாம இருக்கணுமா? கிளினிக்குல ஸ்டாக் இருந்திருந்தா நான் இங்க எழுதியே இருக்க மாட்டேன். கட்டணம் குறைச்சல்னா அதைச் சுகாதார அமைச்சுகிட்ட போராடி வாங்குங்க, நாங்களும் கூட நிப்போம்.

டிரெசர் வீட்டுப் பேரன் | ஞாயிறு, பகல் 1.30

எல்லாரும் டாக்டரா மருந்தாளரான்னு பேசுறீங்க. நம்ம சனங்களுக்கு ஊசி போட்டவர் ரெண்டு பேரும் இல்லையே. மறந்துட்டீங்களா?

எங்க தாத்தா தோட்டத்து டிரெசர், அதாவது தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர். டாக்டர் இல்ல. 15 நாளைக்கு ஒரு தடவை வெளியூர் டாக்டர் ஜீப்புல வந்து, கையெழுத்துப் போட்டு, ரெண்டு மூணு பேரைப் பார்த்துட்டுப் போவார். மிச்ச நாளெல்லாம் தாத்தாதான். விடியக்காலையில பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்கிறதுக்கு, நிக்கிற ஆளுங்கள்ல யாருக்கு உடம்பு சரியில்லன்னு பார்த்து, மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்து, ரப்பர் பால் வெட்டுற கத்தி பட்ட காயத்தைத் தைச்சு, பிரசவம் பார்த்து, அம்மை குத்தி, ஊசி போட்டு. எங்க பாட்டி தோள்ல அந்த அம்மைத் தழும்பு வெள்ளிக் காசு அளவுக்கு இருக்கும்.

எந்தச் சட்டமும் இல்லாம அவர் செஞ்சிடல. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்றதுக்குன்னே 1965ல தனிச் சட்டம் வந்துச்சு. தோட்டத்துக்கு டாக்டர் வரமாட்டார்னு தெரிஞ்சு, இருக்கிற ஆளுக்குப் பயிற்சி கொடுத்து, பேரைப் பதிஞ்சு, பொறுப்பைக் கையில கொடுத்தாங்க. அப்போ முடிஞ்சது இப்போ ஏன் முடியாது?

தோட்டம் துண்டாடப்பட்டுச்சு, ரப்பர் போய்ச் செம்பனை வந்துச்சு, சனங்க தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்துட்டாங்க. தோட்ட ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கு. டிரெசர் செஞ்ச வேலையை யார் எடுத்துக்கிட்டாங்கன்னு கேட்டா, யாருமே இல்ல. ஃபார்மசியாவது அந்த இடத்துல ஒரு பங்கை எடுக்கட்டும்கிறது என் கருத்து.

ஒரு தாய் | ஞாயிறு, மாலை 4.05

ஊசியே தேவையான்னு எங்க குடும்ப வாட்சாப்புல தினமும் ஒருத்தர் அனுப்புறாங்க. ஃபார்மசியில போட ஆரம்பிச்சா மிட்டாய் மாதிரி விப்பாங்களோன்னு பயமா இருக்கு.

மருந்தாளர் பந்திங் | ஞாயிறு, மாலை 4.40

அக்கா, ஊசி தேவையான்னு கேட்கிறவங்களுக்கு 2016ஐ ஞாபகப்படுத்துங்க. தொண்டை அடைப்பான் நோய் (டிப்தீரியா) திரும்பி வந்து, ஊசி போடாத பிள்ளைங்களைக் கொண்டுபோச்சு. 2019 டிசம்பர்ல சபாவுல துவாரான்ல மூணு மாசக் குழந்தைக்குப் போலியோ. 1992க்குப் பிறகு நாட்டுல அதுதான் முதல் தடவை. பிள்ளைங்க ஊசி அரசாங்க கிளினிக்குல இலவசம், அதை எங்க கடைக்குக் கொண்டுவரணும்னு நான் கேட்கவே இல்ல. அது மிஸ்ஸிங்க கையிலேயே இருக்கட்டும்.

விற்பனையைப் பத்தின உங்க பயம் நியாயமானது. ஒரு நாளைக்கு இத்தனை ஊசின்னு கடைக்காரர் இலக்கு வெச்சா, நானே மறுத்துடுவேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | ஞாயிறு, இரவு 8.30

டிரெசர் பேரன் எழுதினதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துட்டேன். நானும் லயத்துல பிறந்தவதான், டிரெசர் கையாலதான் எனக்கும் முதல் ஊசி.

ஆனா தம்பி, ஒண்ணை விட்டுட்டீங்க. உங்க தாத்தா தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்தார். ராத்திரி ரெண்டு மணிக்குக் கை வீங்கிப் போச்சுன்னா, அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். மறுநாள் பெரட்டுல அவர் முகத்தைப் பார்த்தே கேட்கலாம். யாருக்கு எந்த மருந்து ஆகாதுன்னு அவருக்குத் தலைமுறையா தெரியும். அந்தப் பொறுப்பை நம்பித்தான் கையை நீட்டினோம். இன்னிக்கு ஃபார்மசின்னா பெரும்பாலும் பெரிய கம்பெனிக் கடை. இந்த மாசம் இருக்கிற மருந்தாளர் அடுத்த மாசம் கிள்ளான்ல இருப்பார். ராத்திரி கடை பூட்டின பிறகு யாரைத் தட்டுறது?

இன்னொண்ணு. ஒரு பெரியவர் ஊசிக்குன்னு வந்தார். நாற்காலியில உட்காரும்போது செருப்பு காலை விட்டு வரமாட்டேங்குது, அவ்வளவு வீக்கம். ஊசியை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட அனுப்பினேன். இதயம் தண்ணி கட்டி நின்னுருக்கு. ஊசி ஒரு சாக்கு தம்பி. அந்தச் சாக்குல ஒருத்தர் உடம்பு முழுசையும் ஒரு கண் பார்க்குது. ஃபார்மசிக்கு மாத்திட்டா அந்தக் கண் போயிருமோன்னு பயப்படுறேன்.

மருந்தாளர் பந்திங் | ஞாயிறு, இரவு 10.00

அக்கா, இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. மாத்தல் ஆகிறது உண்மை, எனக்கே ரெண்டு தடவை ஆச்சு. தனியா நிக்கிறதும் உண்மை. கவுண்டர்ல அஞ்சு பேர் நிக்கும்போது ஊசி போட்டவரை 15 நிமிஷம் என்னால பார்த்துக்கிட்டிருக்க முடியாது. அதனால ரெண்டு பேர் இல்லாத கடைக்கு அனுமதியே கொடுக்கக் கூடாதுங்கிறது என் நிலை. என் முதலாளிக்கு இது பிடிக்காது.

பதிவும் அப்படித்தான். கோவிட் ஊசி அரசாங்கத்தோட மைசெஜாத்தெரா ஆப்புல ஏறின மாதிரி, ஃபார்மசியில போட்டதும் கிளினிக் பார்க்கிற அதே இடத்துல ஏறணும். என் கடைக் கம்ப்யூட்டர்ல மட்டும் கிடந்தா, நான் மாத்தலாகிப் போனதோட அதுவும் போச்சு.

ஆனா கண்ணைப் பத்திச் சொன்னீங்களே, அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாசா மாசம் ஒருத்தர் என் முன்னாடி நிக்கிறார். போன மாசம் ஏறின படியை இந்த மாசம் மூச்சு வாங்கி ஏறுறார்னா எனக்குத் தெரியும். டாக்டரைப் பாருங்கன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். கிளினிக்குக்கே போகாத ஆம்பளைங்க எங்ககிட்டதான் இருமல் மருந்து கேட்டு வர்றாங்க. அவங்களுக்கு ஊசி எட்டணும்னா வேற எந்த வழி இருக்கு, சொல்லுங்க.

கிளினிக் வீட்டுப் பிள்ளை | ஞாயிறு, இரவு 10.35

ரெண்டு பேர், ஒரே பதிவு, பெரியவங்களுக்கு மட்டும். இப்படிச் சட்டத்துல எழுதினா எங்க அப்பா எதிர்க்க மாட்டார்னு நினைக்கிறேன். ஆனா எழுதுவாங்களாங்கிறதுதான் சந்தேகம். முதல்ல ஃப்ளூன்னு ஆரம்பிச்சு, பிறகு ஒவ்வொண்ணா விரிப்பாங்க. நான் இன்னும் எதிர்ப்பக்கம்தான்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், காலை 6.45

பந்திங் பொண்ணே, நீ சொன்ன நிபந்தனையெல்லாம் சட்டமா வந்து, தப்பு நடந்தா கம்பெனியும் சேர்ந்து பதில் சொல்லணும்னு எழுதினா, அன்னிக்கு நான் மனசு மாறுவேன். அது வரைக்கும் மாற மாட்டேன்.

பெர்ஜுந்தை மகன் தம்பிக்கு: 60 வயசைத் தாண்டி, நோயும் இருக்கிறவங்களுக்கு அரசாங்க கிளினிக்குலேயே ஃப்ளூ ஊசி இலவசமா போட ஆரம்பிச்சிருக்காங்க. மைசெஜாத்தெராவுல நாள் கிடைக்குதான்னு பாருங்க. கிடைச்சா நீங்க லீவு போட வேணாம். அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். எனக்குத் தனிச்செய்தியில வீட்டு அடையாளம் சொல்லுங்க.

பெர்ஜுந்தை மகன் | திங்கள், காலை 7.20

அக்கா, என்ன சொல்றதுன்னே தெரியல. செவ்வாய்க்கிழமை காலை நாள் கிடைச்சிருக்கு. அப்பா சாப்பிடுற மருந்துப் பட்டியல் அந்த ஃபார்மசிப் பொண்ணுகிட்ட இருக்கு. இன்னிக்கு ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது அச்சடிச்சு வாங்கி, அவர் பம்ப்போட சேர்த்து உங்ககிட்ட கொடுத்துடுறேன். கடை பத்து மணி வரைக்கும் இருக்கும்.